சின்னஞ்சிறு கால்கள் நடத்தும் பாடம்

தவழ்ந்துகொண்டிருந்த குழந்தை எழுந்து நடக்கத் தொடங்கும் நாள் இல்லத்தில் ஒரு திருநாள். பாயசம் வைக்கிறார்கள், ஊரிலுள்ள தாத்தா பாட்டிக்குத் தொலைபேசியில் செய்தி போகிறது. அந்த மகிழ்ச்சி அடங்குவதற்குள் இல்லறத்தின் வேறோர் அத்தியாயம் தொடங்கிவிடுகிறது. அதுவரை வைத்த இடத்தில் இருந்த பொருள்கள் இடம் மாறுகின்றன. மூடி வைத்தவை திறக்கின்றன. நிமிர்ந்து நின்றவை கவிழ்கின்றன.

நகரத்தில் இரண்டு அறைகள் கொண்ட ஒரு வீட்டின் காலைப்பொழுதை எடுத்துக்கொள்ளலாம். குழந்தைக்கு ஒன்றே முக்கால் வயது. தந்தை எட்டரை மணிக்கு அலுவலகம் புறப்பட வேண்டும். தாய் குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டுத் திரும்புவதற்குள் அரிசி டப்பா கவிழ்ந்திருக்கிறது. குழந்தை அதன் நடுவே அமர்ந்து இரு கைகளாலும் அரிசியை அள்ளித் தலையில் சொரிந்துகொள்கிறது. அதைக் கூட்டி அள்ளி முடித்தால் தந்தையின் காலுறை ஒன்றைக் காணவில்லை. தேடினால் தண்ணீர் வாளியில் மிதக்கிறது. பூஜை அலமாரியில் குங்குமச் சிமிழ் திறந்திருக்கிறது. பக்கத்துச் சுவரில் ஐந்து விரல்களும் பதிந்திருக்கின்றன. இட்லி ஊட்ட அமர்ந்தால் கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டு 'நானே' என்கிறது. விட்டுவிட்டால் ஒரு வாய் உள்ளே போகிறது, மூன்று வாய் தரையில் விழுகிறது.

இவ்வளவையும் தாய் சிரித்தபடியே தாங்கிக்கொண்டாள். பதினோரு மணிக்குப் பால் தம்ளர் கவிழ்ந்தபோது மட்டும் அவள் கை ஓங்கிவிட்டது. அடி மெல்லத்தான் விழுந்தது. ஆனால் அந்தக் கணத்தில் குழந்தையின் முகம் மாறியதை அவள் பார்த்துவிட்டாள். அன்றிரவு உறங்கும் குழந்தையின் அருகே அமர்ந்து அவள் அழுதாள்.

எத்தனையோ இல்லங்களில் நடப்பதுதான் இது. இதில் ஆராய வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இரண்டு படி அரிசி கொட்டியபோது வராத கோபம் அரைத் தம்ளர் பால் கொட்டியபோது ஏன் வந்தது? கோபத்தின் காரணம் பாலில் இருந்ததா, வேறெங்காவது இருந்ததா? இதற்கு விடை காண, முதலில் குழந்தை என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதை அறிய வேண்டும்.

விழுவதும் எழுவதும்

குழந்தை இந்த மாதத்தில் நடந்தே ஆக வேண்டும் என்ற கணக்கு எதுவும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளின் குழந்தைகளைக் கவனித்து, 2006-ஆம் ஆண்டு சில அளவுகளை வெளியிட்டது. அதன்படி, நலமாக வளரும் குழந்தைகள் துணையின்றி நடக்கத் தொடங்கும் வயது எட்டு மாதத்திலிருந்து ஏறக்குறையப் பதினெட்டு மாதம் வரை விரிந்திருக்கிறது. பக்கத்து வீட்டுக் குழந்தை பத்து மாதத்தில் நடந்துவிட்டதே என்று ஒப்பிட்டு ஏங்க வேண்டியதில்லை.

நடக்கத் தொடங்கிய குழந்தை எவ்வளவு உழைக்கிறது என்பது வியப்புக்குரியது. நியூயார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேரன் அடால்ஃபும் அவருடைய குழுவினரும் 12 முதல் 19 மாதம் வரையுள்ள குழந்தைகளை அவர்கள் விருப்பம்போல் விளையாடவிட்டுக் கணக்கெடுத்தார்கள். 2012-இல் வெளிவந்த அந்த ஆய்வின்படி, குழந்தை ஒரு மணி நேரத்தில் சராசரியாக 2,368 அடிகள் எடுத்து வைக்கிறது. 17 முறை விழுகிறது.

மணிக்குப் பதினேழு முறை தோற்றும் மனம் தளராமல் ஒரு வேலையைத் தொடரும் பெரியவரைக் காண்பது அரிது. இரண்டு முறை தவறினாலே 'இது நமக்கு வராது' என்று விலகிவிடுவது வளர்ந்தவர்களின் வழக்கம். குழந்தைக்கு விழுவது நடையின் ஒரு பகுதி. விழுந்ததும் அது முதலில் பெரியவரின் முகத்தைப் பார்க்கிறது. அங்கே பதற்றம் இருந்தால் அழுகிறது. அமைதி இருந்தால் பெரும்பாலும் எழுந்து போகிறது. அடி பட்டிருக்கிறதா என்று பார்ப்பது கடமை. ஆனால் அதைப் பதறாமலும் பார்க்க முடியும்.

விழுந்துகொண்டே இருக்கும் கரண்டி

குழந்தை கரண்டியைக் கீழே போடுகிறது. தாய் எடுத்துக் கொடுக்கிறாள். மீண்டும் போடுகிறது. ஐந்தாவது முறை அவளுக்கு இது வேண்டுமென்றே செய்யும் குறும்பாகத் தோன்றுகிறது. வேண்டுமென்றே செய்வது உண்மைதான். குறும்பு என்பதுதான் பிழையான முடிவு.

சுவிட்சர்லாந்தில் 1896-இல் பிறந்த ழான் பியாஜே, குழந்தையின் அறிவு எவ்வாறு வளர்கிறது என்பதை ஆராய்வதில் வாழ்நாளைச் செலவிட்டவர். அவர் நுணுகிக் கவனித்தவர்களில் அவருடைய மூன்று குழந்தைகளும் அடங்குவர். ஒரு வயது நிறையாத மகன் பொருள்களைக் கையிலிருந்து நழுவவிட்டதை அவர் பதிவு செய்திருக்கிறார். அந்தக் குழந்தை கையின் நிலையை மாற்றி மாற்றிப் பொருளை விட்டுப் பார்த்தது. அது எங்கே போய் விழுகிறது என்று ஒவ்வொரு முறையும் கவனித்தது. இந்த ஆராய்ச்சிகளைத் தொகுத்து 1936-இல் அவர் வெளியிட்ட நூல் குழந்தை உளவியலில் ஒரு திருப்பம் எனக் கருதப்படுகிறது.

கரண்டி 'டங்' என்று ஒலிக்கிறது, இட்லி ஒலிப்பதில்லை. பந்து திரும்பித் துள்ளுகிறது. பால் துள்ளுவதில்லை, பரவுகிறது. பெரியவர்கள் 'எப்போதும் அறிந்தது' என்று எண்ணும் இந்த உண்மைகளைக் குழந்தை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறது. எல்லாவற்றிலும் முக்கியமான ஓர் உண்மையையும் அது சோதிக்கிறது: 'நான் போட்டதை அம்மா எடுத்துத் தருவாளா? மறுபடியும் தருவாளா?' அன்பின் உறுதியையும் குழந்தை திரும்பத் திரும்பச் செய்து பார்த்தே அறிகிறது.

'நானே' என்னும் சொல்

1972-இல் அமெரிக்க உளவியலாளர் பியூலா ஆம்ஸ்டர்டாம் எளிய சோதனை ஒன்றை வெளியிட்டார். குழந்தையின் மூக்கில் அதற்குத் தெரியாமல் சிவப்புச் சாயம் ஒன்றைத் தடவிக் கண்ணாடி முன் நிறுத்துவது. சிறிய குழந்தைகள் கண்ணாடியில் தெரிவதை வேறொரு குழந்தையாக எண்ணி அதனோடு விளையாட முற்பட்டன. 20 முதல் 24 மாதம் வரையுள்ளவர்களில் பெரும்பாலோர் 'அது நான்தான்' என்று அறிந்தார்கள்.

'நான்' என்ற உணர்வு தெளிவாக முளைக்கும் காலமும், 'நானே', 'என்னுது', 'மாட்டேன்' என்ற சொற்கள் வீட்டை நிறைக்கும் காலமும் ஏறக்குறைய ஒன்றே. அகங்காரம் கரைய வேண்டும் என்று வேதாந்தம் பேசுகிறது. அது வளர்ந்தவருக்கான பாடம். தன்னைத் தனி ஓர் ஆளாக இன்னும் உணராத ஒருவருக்குக் கரைப்பதற்கு ஒன்றும் இல்லை. இரண்டு வயதில் 'நான்' ஒழுங்காக முளைக்க வேண்டும். முளைத்தால்தான் பின்னாளில் அது பிறருக்காக வளையவும் முடியும்.

ஆகவே 'மாட்டேன்' என்ற சொல்லைக் கேட்டவுடன் 'இப்போதே இவ்வளவு பிடிவாதமா?' என்று அஞ்ச வேண்டியதில்லை. விருப்பம் பிறந்துவிட்டது, அதை அடக்கும் ஆற்றல் இன்னும் பிறக்கவில்லை என்பதே அந்தச் சொல்லின் பொருள். உணர்ச்சியை அடக்கி ஆளும் மூளைப் பகுதி இருபது வயதைக் கடந்தும் முதிர்ந்துகொண்டிருக்கிறது. இரண்டு வயதுக் குழந்தை தரையில் புரண்டு அழும்போது அது பெரியவரை எதிர்த்துப் போர் தொடுக்கவில்லை. தன்னைவிடப் பெரிய ஓர் உணர்ச்சியில் அகப்பட்டுக்கொண்டிருக்கிறது.

யசோதையின் ஒரு காலைப்பொழுது

இல்லத்தில் நிகழும் இத்தகைய விபத்து ஒன்றைப் பாகவதத்தின் பத்தாம் ஸ்கந்தம் ஒன்பதாம் அத்தியாயம் வர்ணிக்கிறது. பலமுறை கேட்ட கதைதான். குழந்தை வளர்ப்புப் பாடமாக அதைப் படித்தால் சில நுட்பங்கள் புலப்படும்.

யசோதை தயிர் கடைந்துகொண்டிருக்கிறாள். குழந்தை வந்து மத்தைப் பிடித்துக்கொண்டு பால் கேட்கிறது. அவள் மடியில் இருத்திப் பாலூட்டுகிறாள். அப்போது அடுப்பில் பால் பொங்குகிறது. குழந்தையின் பசி தீருமுன் அதை இறக்கிவிட்டு அடுப்பங்கரைக்கு ஓடுகிறாள். சினந்த குழந்தை உதட்டைக் கடித்துக்கொண்டு, கல்லால் தயிர்ப் பானையை உடைத்துவிடுகிறது. பானை உடைந்ததற்கு முன்னே ஒரு காரணம் நிகழ்ந்திருக்கிறது என்பதை நூல் மறைக்கவில்லை. பெரும்பாலான குறும்புகளுக்கும் இத்தகைய ஒரு முன்கதை உண்டு: பசி, உறக்கம், பாதியில் விடப்பட்ட ஓர் அணைப்பு.

திரும்பி வந்த தாய் உடைந்த பானையைப் பார்த்ததும் முதலில் செய்தது என்ன? சிரித்தாள். பிறகுதான் கோலை எடுத்துக்கொண்டு துரத்தினாள். கைப்பிடியில் சிக்கிய குழந்தை மை கலைய அழுதது. அது அஞ்சுகிறது என்று அறிந்ததும் அவள் கோலை எறிந்துவிட்டாள். இந்த ஓர் இடத்தில் படிப்பவர் சற்று நிற்க வேண்டும். குழந்தை இனித் தவறு செய்யாது என்று உறுதி கூறியதால் அவள் கோலை எறியவில்லை. அச்சத்தைக் கண்டாள், அச்சத்தின் வழியே எதையும் கற்பிக்க அவள் விரும்பவில்லை.

பிறகு உரலோடு கட்ட முயன்றாள். கயிறு இரண்டு விரற்கடை போதவில்லை. வீட்டிலுள்ள கயிறுகளையெல்லாம் முடிந்தும் அதே இரண்டு விரற்கடை குறைந்தது. தாய் களைத்துப்போனதைக் கண்டு குழந்தையே கட்டுப்பட்டது. கட்டிவிட்டு அவள் வீட்டு வேலையில் மூழ்கினாள். குழந்தையோ உரலை இழுத்துக்கொண்டு போய் இரண்டு மருத மரங்களைச் சாய்த்துவிட்டது. கட்டிப்போட்டுவிட்டோம் என்ற நிம்மதி கண்காணிப்புக்கு ஈடாகாது என்பதும் இந்தக் கதையிலேயே இருக்கிறது.

மூன்றையும் பிரித்தறிதல்

விவேகம் என்ற சொல்லுக்குப் பிரித்தறிதல் என்பது பொருள். நிலையானதையும் நிலையற்றதையும் பிரித்தறிவது தத்துவத்தின் விவேகம். குழந்தையுள்ள வீட்டுக்கும் ஒரு விவேகம் வேண்டும். நாள்தோறும் நடக்கும் அசம்பாவிதங்கள் மூன்று வகைப்படும்: ஆபத்து, இழப்பு, இடைஞ்சல். மூன்றுக்கும் ஒரே குரலில் 'வேண்டாம்' என்று கத்துவதுதான் பெரும்பாலான குழப்பங்களுக்கு வேர்.

ஆபத்தில் விவாதத்துக்கு இடமில்லை, விட்டுக்கொடுப்பதும் கூடாது. அடிவாளியில் ஐந்து சென்டிமீட்டர் உயரத் தண்ணீர் இருந்தாலும், தலைகுப்புற விழும் சிறு குழந்தை மூழ்கிவிடக்கூடும். குளியலறைக் கதவு தாழிட்டிருக்க வேண்டும். வாளிகள் கவிழ்த்து வைக்கப்பட வேண்டும். குளிப்பாட்டும்போது தொலைபேசி ஒலித்தால் ஒலிக்கட்டும். கொதிக்கும் சாம்பார்ப் பாத்திரத்தைத் தரையில் இறக்கி வைப்பதும், காபித் தம்ளரை மேசை விளிம்பில் வைப்பதும் தவிர்க்கப்பட வேண்டும். சுட்டுவிட்டால் உடனே குழாய்த் தண்ணீரின் கீழ் இருபது நிமிடம் பிடித்திருந்து, பிறகு மருத்துவரிடம் செல்ல வேண்டும். பற்பசை, மை, மாவு, பனிக்கட்டி எதுவும் ஆகாது. முழு வேர்க்கடலை, பட்டாணி, நாணயம் ஆகியவை மூச்சுக்குழலை அடைக்கும். பொம்மையிலும் ரிமோட்டிலும் உள்ள பொத்தான் வடிவ மின்கலத்தை விழுங்கினால், இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாய் வெந்து புண்ணாகிவிடலாம். 'தானே வெளியே வந்துவிடும்' என்று காத்திராமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும். மண்ணெண்ணெய், பினாயில் போன்றவற்றைக் குடிநீர்ப் புட்டியில் ஊற்றி வைப்பது பெரும் பிழை.

இழப்பு இரண்டாவது வகை. கண்ணாடி உடைவது, கைப்பேசி நீரில் விழுவது, முக்கியமான காகிதம் கிழிவது இதில் அடங்கும். இவற்றில் பெரும்பாலானவை குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் பெரியவர் வைத்த பொருள்கள். உயரத்தை மாற்றுவது பெரியவரின் பொறுப்பு.

இடைஞ்சல் மூன்றாவது. அரிசி கொட்டுவது, பால் கவிழ்வது, செருப்பு இடம் மாறுவது, தானே சட்டை போட்டுக்கொள்கிறேன் என்று பதினைந்து நிமிடம் போராடுவது. இவற்றால் யாருக்கும் தீங்கில்லை, நேரம்தான் போகிறது. நாள் முழுதும் சொல்லப்படும் 'வேண்டாம்'களில் மிகப் பல இந்த மூன்றாம் வகைக்கே உரியவை. எல்லாவற்றுக்கும் 'வேண்டாம்' என்றால் குழந்தையின் காதில் அந்தச் சொல் தேய்ந்துபோகிறது. அடுப்பருகில் சொல்லப்படும் 'வேண்டாம்' என்பதும் வெறும் ஓசையாகிவிடுகிறது. உண்மையான ஆபத்து அதில்தான் இருக்கிறது.

முன்னே எழுந்த கேள்விக்கு இங்கே விடை கிடைக்கிறது. பால் கவிழ்ந்தது வெறும் இடைஞ்சல். கை ஓங்கியதற்குக் காரணம் காலையிலிருந்து சேர்ந்த களைப்பும், முடியாமல் கிடந்த வேலையும், 'ஒரு குழந்தையைக்கூடச் சமாளிக்க முடியவில்லையா?' என்று யாரோ கேட்டுவிடுவார்களோ என்ற அச்சமும். அவை அனைத்தும் கடைசியாகக் கவிழ்ந்த தம்ளரின் மேல் இறங்கின.

வீட்டைக் குழந்தைக்கு ஏற்ப அமைத்தல்

குஜராத்தின் பாவ்நகரில் வழக்குரைஞர் தொழிலை விட்டுவிட்டுக் குழந்தைக் கல்விக்கு வந்தவர் கிஜுபாய் பதேகா. 1913-இல் தமக்கு மகன் பிறந்தபின் குழந்தை வளர்ப்பைப் பற்றிச் சிந்திக்கத் தொடங்கி, மரியா மாண்டிசோரியின் நூல்களைக் கற்று, 1920-இல் அங்கே பாலமந்திர் ஒன்றை நிறுவினார். 'மீசையுள்ள அம்மா' என்று மக்கள் அவரை அன்போடு அழைத்தார்கள். குழந்தையை அடிக்காமல், அச்சுறுத்தாமல், அதன் கைகளுக்கு வேலை கொடுத்து வளர்க்க வேண்டும் என்பதே அவர் பெற்றோருக்கு விடாமல் சொல்லிவந்த செய்தி.

அந்தச் செய்தியை ஒரு சிறு வீட்டிலும் செயல்படுத்தலாம். சமையலறையின் கீழ்த்தட்டு ஒன்றைக் குழந்தைக்கே ஒதுக்கி, மூடியுள்ள எவர்சில்வர் டப்பாக்கள், மரக்கரண்டி, வடிதட்டு ஆகியவற்றை வைக்கலாம். சப்பாத்தி மாவில் ஓர் உருண்டை கொடுக்கலாம். கீழே கொட்டியதைத் துடைக்க அதற்கென ஒரு சிறு துணி தரலாம். ஒன்றரை வயதுக் குழந்தை துடைத்தால் ஈரம் இன்னும் பரவும் என்பது உண்மையே. ஆயினும் கொட்டியதைச் சரிசெய்ய முடியும் என்ற எண்ணம் அதன் மனத்தில் பதிகிறது. 'நானே' என்று அடம் பிடிக்கும்போது இரண்டு சட்டைகளைக் காட்டி 'இதுவா, அதுவா?' என்று கேட்டால், தேர்ந்தெடுக்கும் மகிழ்ச்சியில் பாதிப் பிடிவாதம் அடங்கிவிடும். புறப்படும் நேரத்துக்குக் கால் மணி முன்னதாகவே ஆயத்தத்தைத் தொடங்குவதும் ஒரு பெரிய தவம்தான்.

கை ஓங்கும் தருணம்

எவ்வளவு அறிந்திருந்தாலும் பொறுமை எல்லை கடக்கும் வேளை வரும். அப்போது செய்யத்தக்கது எளியது. குழந்தையைப் பாதுகாப்பான இடத்தில் அமர்த்திவிட்டு, இரண்டடி விலகி நின்று, ஒரு தம்ளர் தண்ணீர் குடிக்கலாம். மூன்று முறை ஆழ்ந்து மூச்சு விட்டபின் திரும்பலாம். கத்திவிட்டாலோ அடித்துவிட்டாலோ, பிறகு குழந்தையை அணைத்து, 'அம்மா கோபப்பட்டது தப்பு' என்று சொல்வதால் பெற்றோரின் மதிப்புக் குறைந்துவிடாது. தவறைத் திருத்திக்கொள்ளும் முறையைக் குழந்தை அங்கேதான் முதலில் பார்க்கிறது.

இந்தப் பொறுமையை ஒருத்தியின் தோளில் மட்டும் ஏற்றுவது நியாயமன்று. அலுவலகத்திலிருந்து திரும்பும் தந்தை ஒரு மணி நேரம் குழந்தையை முழுப் பொறுப்போடு ஏற்றுக்கொண்டால் அது மனைவிக்குச் செய்யும் உதவி ஆகாது. தமது கடமையில் ஒரு பங்கு. வீட்டில் மூத்தவர் இருந்தால், 'எங்கள் காலத்தில் நாலு பிள்ளைகளை வளர்க்கவில்லையா?' என்று கேட்பதைவிட, 'நீ போய்ச் சற்றுப் படும்மா, நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று சொல்வது மேலானது. களைப்பைத் தீர்க்கக் கைப்பேசியைக் குழந்தையிடம் கொடுத்துவிடும் வழக்கம் இன்று பரவியிருக்கிறது. ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்றும், இரண்டு வயதில் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியது. மனிதர் தரும் ஓய்வே பெற்றோருக்கும் குழந்தைக்கும் நல்லது. வாரக்கணக்கில் துயரமும் சோர்வும் நீங்காதிருந்தால் மருத்துவரை அணுகத் தாய் தயங்கக் கூடாது. குடும்பமும் அதற்குத் துணைநிற்க வேண்டும்.

இந்த மாதப் பயிற்சி

ஒரு சிறு குறிப்பேட்டில் மூன்று பத்திகள் வரைந்து, ஆபத்து, இழப்பு, இடைஞ்சல் என்று தலைப்பிடுக. ஏழு நாள்களுக்கு, குழந்தையிடம் 'வேண்டாம்' என்று சொல்ல நேர்ந்தபோதெல்லாம் உரிய பத்தியில் ஒரு கோடு இடுக. அம்மா, அப்பா, பாட்டி, தாத்தா அனைவரும் இதில் சேரலாம்.

முதல் பத்தியில் கோடு விழுந்த ஒவ்வொரு முறையும் அன்றைக்கே வீட்டில் ஒன்றை மாற்றுக: ஒரு தாழ்ப்பாள், ஒரு மூடி, கவிழ்த்து வைத்த ஒரு வாளி. இரண்டாம் பத்தியில் விழுந்தால் அந்தப் பொருள் இருந்த உயரத்தை மாற்றுக. மூன்றாம் பத்தியே நீளமாக இருக்கக் காண்பீர்கள். அதில் உள்ள கோடுகள் அனைத்தும் குழந்தையை நோக்கிச் சொல்லப்பட்டவை. ஏழாம் நாள் இரவு அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து, 'அப்போது அவசரம் யாருக்கு இருந்தது?' என்று மட்டும் கேட்டுக்கொள்க. அடுத்த வாரம் அந்தப் பத்தி தானாகவே சுருங்கத் தொடங்கும்.